கைபேசி வரட்டும், கணக்கு நோட்டு நம்ம கையில் இருக்கட்டும்

இப்போ எந்த விவசாயக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு பேச்சு கட்டாயம் வந்துவிடுகிறது. "விளைய வைக்கத் தெரியுது, விற்கத் தெரியலையே! ஆன்லைன்ல போடுங்க, ஆப்ல சேருங்க, வீடு தேடி வந்து வாங்கிக்குவாங்க." சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. மீதிப் பாதியை மேடையில் யாரும் பேசுவதில்லை. அதைத்தான் இங்கே பேசப் போகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனி ஆளாகப் போய் ஒரு ஆப்பில் சேருகிற இயற்கை விவசாயி, பழைய கமிஷன் மண்டியை விட்டுப் புதுக் கமிஷன் மண்டிக்குப் போகிறார், அவ்வளவுதான். அதே விவசாயி பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஏழெட்டுப் பேரோடு சேர்ந்து, வாங்குகிறவர் பட்டியலையும் விலையையும் தங்கள் கையில் வைத்துக்கொண்டு, அதுக்கப்புறம் கைபேசியை எடுத்தால் அது நல்ல கருவி. முதலில் கூட்டு, பிறகு கருவி. இந்த வரிசையை மாற்றினால் நஷ்டம் நமக்குத்தான்.

போன் செய்த நன்மை

தொழில்நுட்பமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது செய்த நன்மைக்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது.

1997-லிருந்து 2001-க்குள் வட கேரளத்தின் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு கடற்கரையில் கைபேசிக் கோபுரங்கள் வந்தன. அதற்கு முன்னால் நடந்தது என்ன? மத்தி பிடித்த படகு வழக்கமான கரைக்கு வரும். அன்றைக்கு அந்தக் கரையில் மீன் குவிந்து கிடந்தால் வாங்க ஆள் இருக்காது, பிடித்த மீனைக் கடலிலேயே கொட்டுவார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர் இதைக் கூடவே இருந்து கணக்கெடுத்து 2007-ல் எழுதினார். 1997 ஜனவரியில் ஒரு நாள் வடகரைக் கரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டப் போகிறார்கள். அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த பக்கத்துக் கரைகளில் 27 பேர் மீன் கிடைக்காமல் வெறும் கூடையோடு கிளம்பப் போகிறார்கள். இவர்களுக்கு அவர்களைத் தெரியாது.

கைபேசி வந்தது. கடலில் இருந்தபடியே நாலு கரைக்குப் போன் போட்டு விலை கேட்டுப் படகைத் திருப்பினார்கள். மீனைக் கொட்டுவது நின்றே போனது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. விற்றவருக்கும் நன்மை, தின்றவருக்கும் நன்மை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மீனவர்களுக்கு எந்தக் கம்பெனியும் நடுவில் இல்லை. போன் வாங்கினார்கள், நம்பர் அவர்களிடம் இருந்தது, யாரோடு பேசுவது என்பது அவர்கள் முடிவு. இன்னொன்று, அவர்கள் விற்றது ஒரே சரக்கு, மொத்தமாக, அன்றைக்கே. கரையில் வியாபாரி நின்றுகொண்டிருக்கிறார். நம்ம கதை அப்படி இல்லை.

தனி ஆளால் ஏன் முடியாது?

நகரத்தில் ஒரு குடும்பம் இயற்கைக் காய்கறி கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு வாரா வாரம் வேண்டும். கத்தரி மட்டும் இருந்தால் போதாது, வெண்டை, அவரை, பீர்க்கு, கீரை, தக்காளி, முருங்கை என்று எட்டு பத்து வகையாவது வேண்டும். ரெண்டு ஏக்கர் வைத்திருக்கிறவர் வருஷம் முழுக்க பத்து வகை கொடுக்க முடியுமா? ஒரு மழையில் கீரை அழுகிப் போனால் அந்த வாரம் என்ன கொடுப்பார்?

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குடும்பத்துக்கு வாரம் 5 கிலோ, 40 குடும்பம் என்றால் 200 கிலோ. தனி ஆளுக்கு இது மலை. எட்டுப் பேர் சேர்ந்தால் ஆளுக்கு 25 கிலோதான். டவுனுக்கு ஒரு வண்டி வாடகை 2,400 ரூபாய் என்று வைப்போம். ஒருத்தர் தன்னுடைய 25 கிலோவை மட்டும் ஏற்றிப் போனால் கிலோவுக்கு 96 ரூபாய் வண்டிக்கே போய்விடும். எட்டுப் பேர் சரக்கும் ஒரே வண்டியில் போனால் கிலோவுக்கு 12 ரூபாய். எந்த ஆப்பும் கொடுக்க முடியாத லாபம் இது. பக்கத்துத் தோட்டக்காரரோடு பேசினாலே கிடைத்துவிடுகிறது.

இந்த 96 ரூபாய்க்கு ஒரே வழிதான் என்று நினைக்கிற விவசாயியைத்தான் ஆப் கம்பெனி வந்து பார்க்கிறது. "வண்டி நாங்க அனுப்புறோம், பணம் பேங்க்ல வந்துடும்" என்கிறது. வண்டியும் வரும், பணமும் வரும். ஆனால் சரக்கை யார் வாங்கினார் என்பது உங்களுக்குத் தெரியாது. அவருக்கும் உங்களைத் தெரியாது. அடுத்த பருவத்தில் விலையைக் குறைத்தாலோ, "தரம் சரியில்லை" என்று திருப்பி அனுப்பினாலோ, வேறு ஊர்ச் சரக்கு மலிவாகக் கிடைக்குது என்று விட்டுவிட்டாலோ நீங்கள் யாரிடம் போய் நிற்பீர்கள்? இத்தனை வருஷம் நல்ல சரக்குக் கொடுத்துச் சேர்த்த பேர் முழுக்க அந்தக் கம்பெனியின் கணக்கில் ஏறியிருக்கும். உங்கள் கணக்கில் ஒன்றும் இருக்காது.

ரெண்டு பாதை, ரெண்டு உரிமையாளர்

தொழில்நுட்பம் கிராமத்துக்கு வந்த ரெண்டு பெரிய கதைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாவது, 2000-ம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தில் ஐ.டி.சி. கம்பெனி தொடங்கிய இ-சௌபால். கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டில் கம்ப்யூட்டர் வைத்தார்கள். சோயா பயிரிட்டவர்கள் மண்டிக்குப் போகும் முன்பே விலையைத் தெரிந்துகொண்டார்கள். பிடித்தால் கம்பெனி மையத்தில் விற்கலாம், இல்லையென்றால் மண்டிக்கே போகலாம். எடை மின்னணுத் தராசில். விவசாயிக்கு நன்மை கிடைத்தது உண்மை. போட்டி வந்ததால் மண்டி விலையும் ஏறியது. ஆனால் கம்ப்யூட்டரும் கம்பெனியுடையது, கணக்கும் கம்பெனியுடையது. எதை வாங்குவது, எங்கே மையம் வைப்பது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் கம்பெனியின் முடிவு. விவசாயி அதில் விருந்தாளி.

ரெண்டாவது, குஜராத்தின் கெய்ரா மாவட்டம். அங்கே பால் விவசாயிகள் ஒரே கம்பெனியிடம் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள். 1946-ல் பால் ஊற்ற மாட்டோம் என்று நின்றார்கள். திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் சங்கம் பதிவானது. தொடக்கத்தில் ரெண்டு கிராமச் சங்கம், நாளைக்கு 250 லிட்டர்கூட இல்லை. அதுதான் பிற்பாடு அமுல். பனிக்காலத்தில் எருமை நிறையக் கறக்கும், அத்தனை பாலையும் பம்பாய் வாங்காது. மிச்சத்தைப் பவுடராக்கலாம் என்றால், எருமைப் பாலில் அது முடியாது என்றார்கள் வெளிநாட்டு நிபுணர்கள். வர்கீஸ் குரியனோடு வேலை பார்த்த எச்.எம். தலாயா முடியும் என்று செய்து காட்டினார். 1955-ல் ஆனந்தில் ஆலை வந்தது. சங்கம் வலுவானதும் தனக்கு வேண்டிய தொழில்நுட்பத்தைச் சங்கமே தேடிப் போய்க் கொண்டுவந்தது.

நம்ம ஊர்ப் பால் சொசைட்டியும் இந்த அச்சில் வார்த்ததுதான். இன்றைக்குப் பல சொசைட்டிகளில் எடையும் கொழுப்பும் மெஷின் பார்க்கிறது, சீட்டு வருகிறது, பணம் வங்கியில் ஏறுகிறது. சொசைட்டிகளில் குறை இல்லையா என்றால் நிறைய இருக்கிறது. ஆனாலும் அங்கே தப்பு நடந்தால் கூட்டத்தில் எழுந்து நின்று "ஏன்யா?" என்று கேட்க ஒரு உறுப்பினருக்கு உரிமை உண்டு. ஆப்பிடம் எழுந்து நின்று கேட்க முடியுமா?

நெல்லில் நாம் இதைச் செய்தே காட்டியிருக்கிறோம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 2006-லிருந்து நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதைநெல் வாங்கிப் போனவர் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆப் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. அந்த ஒரே விதியில் மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் மாவட்டம் மாவட்டமாகப் பரவின. வாங்கினவர் கொடுக்கிறவராக மாறினார். நமக்குத் தெரிந்த இந்த வேலையைத்தான் இப்போது விற்பனையிலும் செய்ய வேண்டியிருக்கிறது.

என்ன செய்யலாம்?

பேசிக்கொண்டே இருந்தால் ஆகாது. நடைமுறையில் எனக்குச் சரி என்று படுவதைச் சொல்கிறேன்.

ஒன்று, பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிற ஐந்து முதல் பத்துப் பேர் சேருங்கள். பி.ஜி.எஸ். என்கிற பங்கேற்பு உத்தரவாதச் சான்றுக்கும் குறைந்தது ஐந்து விவசாயி கொண்ட உள்ளூர்க் குழு வேண்டும். ஒருத்தர் தோட்டத்தை இன்னொருத்தர் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற முறை அது. ஏற்றுமதிக்கு இது போதாது, மூன்றாம் ஆள் வந்து பார்க்கிற சான்று வேண்டும். உள்நாட்டில் விற்க இது போதும். விற்பனைக்கும் சான்றுக்கும் ஒரே குழுவாக இருந்தால் அலைச்சல் மிச்சம்.

ரெண்டு, விதைக்கும் முன்னால் உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். யார் எந்தக் காய், எந்த வாரம் நடவு, எந்த வாரம் பறிப்பு. எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தரி வைத்து எல்லாரும் ஒரே நேரத்தில் தெருவில் நிற்பது இதோடு முடிய வேண்டும். வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் கைபேசியிலேயே எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒரு அட்டவணை போட்டுத் தருவார்கள். என்னைக் கேட்டால், டிஜிட்டல் என்று பேசுகிறதிலேயே நமக்கு அதிகம் உதவுவது இந்தச் சாதாரண அட்டவணைதான்.

மூன்று, ஆர்டர் வாங்க குழுவுக்கென்று தனி நம்பர். ஒருத்தர் சொந்த நம்பரில் நடந்தால், அவர் கோபித்துக்கொண்டு போகும் அன்றைக்கு வாடிக்கையாளர் எல்லாரும் அவரோடு போய்விடுவார்கள். வாங்குகிறவர் பேர், ஊர், நம்பர், என்ன வாங்குகிறார் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் குழு ஒரு நாள் முடங்கலாம், போன் தொலையலாம். நோட்டு இருந்தால் மறுநாளே வியாபாரம் நடக்கும். அந்தப் பட்டியலை யாருக்கும் விற்கக் கூடாது, சும்மாவும் கொடுக்கக் கூடாது. நம்பி நம்பர் கொடுத்தவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை அது.

நான்கு, பண விஷயத்தை எழுதிக்கொள்ளுங்கள். விலையை யார் வைப்பது, பணம் எத்தனை நாளில் பிரிப்பது, அழுகினது யார் கணக்கு, தரம் குறைந்தால் என்ன செய்வது. முக்கியமாக, போன் எடுத்து, தரம் பிரித்து, பை கட்டுகிற ஆளுக்குக் கூலி உண்டு என்று எழுதுங்கள். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்களும் படித்த பிள்ளைகளும் செய்கிற வேலை. "நம்ம பொண்ணுதானே" என்று கூலி போடாமல் விட்டால் மூன்றாம் மாசம் அந்த வேலை நின்றுவிடும், குழுவும் அதோடு நிற்கும்.

ஐந்து, பையில் உண்மையை எழுதுங்கள். யார் தோட்டம், எந்தத் தேதி பறித்தது, மாறுதல் காலத்தில் இருக்கிற நிலமா, முழு இயற்கையா. கியூ.ஆர். சீட்டு ஒட்டினாலும் நல்லதுதான். ஆனால் பொய்யைச் சீட்டில் அச்சடித்தால் அதையும் அந்தக் கியூ.ஆர். அப்படியே காட்டும். பக்கத்துத் தோட்டக்காரர் வரப்பில் நின்று பார்க்கிறாரே, அந்தப் பார்வைதான் சான்று. கியூ.ஆர். அதை டவுன் வரைக்கும் கொண்டுபோகிற வண்டி.

ஆறு, மோசடியில் விழாமல் இருக்க ஒரே விதி: பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் நம்பர் போட வேண்டிய அவசியமே இல்லை. "ராணுவ முகாமிலிருந்து பேசறேன், 100 கிலோ அரிசி வேணும், முன்பணம் அனுப்பறேன், இதை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று யார் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் திரும்புவது கஷ்டம்.

"நம்மாளுங்க சேர மாட்டாங்க"

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இந்நேரம் இதைத்தான் நினைத்திருப்பார்கள். நியாயமான சந்தேகம். உழவர் உற்பத்தியாளர் கம்பெனி என்று போர்டு மாட்டி, மானியம் வந்ததும் கூட்டம், மானியம் தீர்ந்ததும் பூட்டு என்று ஆன ஊர்கள் நமக்குத் தெரியும். 10,000 உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் மத்தியத் திட்டம் 2020-ல் வந்தது. எண்ணிக்கை வந்துவிடும். ஒருத்தரையொருத்தர் நம்புவது திட்டத்தில் வருமா?

அதனால்தான் சின்னதாகத் தொடங்கச் சொல்கிறேன். பத்து உற்பத்தியாளர் சேர்ந்தால் கம்பெனியாகப் பதிவு செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் பதிவுக்கு அவசரம் வேண்டாம். ரெண்டு பருவம் சேர்ந்து விற்றுப் பாருங்கள். கணக்கை எல்லார் முன்னாலும் படியுங்கள். சண்டை வரும். அதைத் தாண்டியும் ஒன்றாக இருந்தால் அப்புறம் பதிவு செய்யலாம். கம்பெனி, ஆலை, ஆப் எல்லாவற்றையும் அதுக்கப்புறம் யோசிக்கலாம்.

இன்னொரு கேள்வியும் வரும். "அப்போ ஆப் கம்பெனிகளுக்குக் கொடுக்கவே கூடாதா?" கொடுக்கலாம். மிஞ்சின சரக்கைக் கொடுக்கலாம், குழுவாகப் பேசிக் கொடுக்கலாம். அரசின் இ-நாம், உழவன் செயலி, ஓ.என்.டி.சி. எல்லாவற்றையும் முயன்று பார்க்கலாம். ஆனால் எந்த ஒரு வழியிலும் நம் விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது என் எண்ணம். ஒரு கதவு சாத்தினாலும் வீடு இருட்டாகாமல் இருக்க வேண்டும் அல்லவா?

ஊர்க்காரர் தட்டில் என்ன இருக்கிறது?

கடைசியாக, என்னை உறுத்துகிற ஒரு விஷயம். ஆன்லைன் வியாபாரம் நன்றாக நடக்க ஆரம்பித்தால் நம் கண் முழுக்க நகரத்து அடுக்குமாடி மேலேயே போய்விடும். கருப்புக் கவுனி கூரியரில் பறக்கும். களை எடுத்த அம்மா மண்டியிலிருந்து வந்த மருந்தடித்த கத்தரிக்காயை வாங்கிக் குழம்பு வைப்பார். இதற்காகவா ரசாயனத்தை விட்டோம்?

1999-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது இருந்த யோசனை எளிமையானது. விளைய வைத்தவரும் சாப்பிடுகிறவரும் முகம் பார்த்து வாங்கி விற்க வேண்டும், நடுவில் தரகு இல்லாமல். அந்த யோசனை பழசாகவில்லை. ஒவ்வொரு குழுவும் தன் சரக்கில் ஒரு பங்கை உள்ளூருக்கென்று, உள்ளூர் விலையில் ஒதுக்க வேண்டும். ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார், சத்துணவு சமைக்கிற அம்மா, டீக்கடைக்காரர் எல்லாரும் நம் வாடிக்கையாளர்கள்தான். இவர்களுக்கு ஆப் தேவையில்லை. காலையில் என்ன காய் பறித்தோம் என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டால் போதும். கூரியர் செலவும் இல்லை, பை செலவும் இல்லை. நகரத்து ஆர்டர் குறைகிற மாசத்தில் நம்மைத் தாங்கப் போவதும் இவர்கள்தான்.

உழவர் நண்பர்களே, ஆடிப்பட்டம் வருவதற்குள் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். பக்கத்தில் இயற்கை முறையில் பயிர் வைக்கிற ஐந்து பேரை ஒரு சாயங்காலம் யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார வையுங்கள். அவரவர் இப்போது யாருக்கு விற்கிறீர்கள், என்ன விலைக்கு, வண்டிக்கு எவ்வளவு போகிறது என்று ஒரே நோட்டில் எழுதுங்கள். அன்றைக்கு வேறொன்றும் முடிவு செய்ய வேண்டாம். அந்தப் பக்கத்தைப் பார்த்தாலே அடுத்த கூட்டத்தில் என்ன பேச வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும்.